நாணயத்தின் இரண்டு பக்கங்கள்: நெப்போலியனின் வீழ்ச்சி எங்கே தொடங்கியது?

கல்லணை (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகும் மாலை வேளைகளில் சில மாணவர்களுக்கு வரலாறு சொல்லிக் கொடுத்து வருகிறேன். சென்ற வாரம் பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்தின்போது, 1806இல் அச்சான ஐந்து பிராங்க் வெள்ளி நாணயத்தின் படத்தைக் காட்டினேன். ஒரு பக்கம் நெப்போலியனின் தலையைச் சுற்றி 'பேரரசர் நெப்போலியன்' என்றும், மறுபக்கம் இலைவளையத்தைச் சுற்றி 'பிரெஞ்சுக் குடியரசு' என்றும் பொறித்திருக்கும். ஒரு மாணவி அதை உற்றுப் பார்த்துவிட்டு, "குடியரசு என்றால் பேரரசர் எப்படி ஐயா இருக்க முடியும்?" என்று கேட்டாள். அன்று நான் சொன்ன பதில் எனக்கே போதுமானதாகப் படவில்லை. அதனால்தான் இந்த இழை.

அந்த நாணயத்தில் எழுத்துப் பிழை ஏதும் இல்லை. 1804 மே 18ஆம் நாள் நிறைவேறிய செனட் தீர்மானத்தின் முதல் விதியே, குடியரசின் ஆட்சி ஒரு பேரரசரிடம் ஒப்படைக்கப்படுகிறது என்றுதான் தொடங்குகிறது. அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் நாள் நோத்ர தாம் தேவாலயத்தில் முடிசூடியபோது அவர் எடுத்த உறுதிமொழியில், குடிமக்களின் உரிமைச் சமத்துவத்தைக் காப்பேன் என்பதும், புரட்சிக் காலத்தில் பறிமுதலாகி விற்கப்பட்ட தேவாலய நிலங்களும் பிரபுக்களின் நிலங்களும் வாங்கியவர்களிடமே நிலைக்கும் என்பதும் இருந்தன. ஓர் உழவன் வாங்கிய நாலு காணி நிலத்துக்குக் கிரீடம் காவல் நிற்பதாக வாக்களித்த முடிசூட்டு விழா ஐரோப்பாவில் அதற்கு முன் நடந்ததில்லை. அதே விழாவுக்கு ரோமிலிருந்து திருத்தந்தை ஏழாம் பயஸ் வரவழைக்கப்பட்டார் என்பதையும், புரட்சி துடைத்தெறிந்த மன்னர் மரபின் எல்லா அலங்காரமும் திரும்பி வந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1809இலிருந்து நாணயத்தின் மறுபக்கத்தில் 'பிரெஞ்சுப் பேரரசு' என்று மாற்றிவிட்டார்கள். என் கருத்து இதுதான். ரஷ்யாவின் பனியில் அவர் வீழ்ந்தார் என்று பாடநூல்கள் சொல்வது பாதி உண்மை. மக்கள் தந்த அதிகாரமா, மன்னர் மரபா என்ற கேள்விக்கு அவரால் கடைசிவரை விடை காண முடியவில்லை. அந்த இடைவெளியை ஒவ்வோர் ஆண்டும் ஒரு வெற்றியைக் கொண்டு அடைத்து வந்தார். அடைக்க வெற்றி கிடைக்காத ஆண்டில் எல்லாம் சரிந்தது. நண்பர்கள் மறுக்கலாம், திருத்தலாம்.

நெய்தல்:

ஐயா, உங்கள் நாணயம் அருமையான தொடக்கம். ஆனால் நீங்கள் ரஷ்யாவை மிக விரைவாகக் கடந்துவிட்டீர்கள் என்று எண்ணுகிறேன். நான் பல ஆண்டுகள் சரக்குப் போக்குவரத்துத் துறையில் இருந்தவன். படைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் கண் முதலில் தேடுவது வண்டிகளையும் தீவனத்தையும்தான்.

1812 ஜூன் 24ஆம் நாள் நெப்போலியனின் பெரும்படை ரஷ்ய எல்லையான நீமன் ஆற்றைக் கடந்தது. பின்னால் வந்து சேர்ந்தவர்களையும் கூட்டினால் ஆறு லட்சம் பேருக்கு மேல். அவர்களில் பாதிப் பேர்கூட பிரான்சின் பழைய எல்லைக்குள் பிறந்தவர்கள் அல்லர். போலந்துக்காரர், ஜெர்மானியர், இத்தாலியர் என்று பல நாட்டவர். மக்கள் நெருக்கமாக வாழும் இத்தாலியிலும் தென் ஜெர்மனியிலும் நெப்போலியனின் படை வழியில் கிடைத்ததை உண்டே விரைந்து நடந்தது. அந்த விரைவுதான் அவருடைய வெற்றிகளின் உயிர்நாடி. லித்துவேனியாவின் மணல் பாதைகளில் ஊருக்கும் ஊருக்கும் இடையே தொலைவு அதிகம். இருக்கிற ஊர்களிலும் தானியம் குறைவு. முதல் வாரத்திலேயே கொட்டிய குளிர்மழையிலும், பழுக்காத பயிரைத் தின்றதாலும் ஆயிரக்கணக்கான குதிரைகள் செத்து விழுந்தன. குதிரை செத்தால் பீரங்கி நகராது, மாவு மூட்டையும் வந்து சேராது. படையின் முதன்மைப் பிரிவு செப்டம்பர் 7ஆம் நாள் மாஸ்கோவுக்கு மேற்கே உள்ள பொரொடினோ களத்தை அடைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேர்தான் போரிடும் நிலையில் இருந்தார்கள். அதுவரை பனி ஒரு துளியும் பெய்யவில்லை. கோடையின் வெயிலும், கலங்கிய நீரும், வயிற்றுக் கடுப்பும், பேன் பரப்பிய காய்ச்சலும் செய்த வேலை அது. வில்னியஸ் நகரில் 2001இல் வெளிப்பட்ட கூட்டுப் புதைகுழியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களின் எலும்புகள் கிடைத்தன. அவர்களின் பற்களை ஆய்ந்தவர்கள் பேன் வழிப் பரவும் நோய்க்கிருமிகளின் தடயங்களைக் கண்டார்கள்.

திரும்பும் வழியிலும் ஒரு சிறு பொருளை நினைத்துப் பாருங்கள். பனிக்கட்டியில் வழுக்காமல் நடக்கக் குதிரை லாடத்தில் கூர் முனைகள் வேண்டும். மிகப் பெரும்பாலான குதிரைகளுக்கு அந்த லாடம் அடிக்கப்படவில்லை. சரிவில் ஏற முடியாமல் விழுந்த குதிரைகளை அங்கேயே அறுத்துத் தின்று, பீரங்கிகளை விட்டுவிட்டு நடந்தார்கள். இதற்கும் பட்டத்தின் தன்மைக்கும் என்ன தொடர்பு? மரபுவழி மன்னர் ஒருவர் இதே திட்டத்தோடு போயிருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும்.

இளவேனில்:

ஐயா, நான் கல்லூரி மாணவன். வீழ்ச்சியைப் பேசும் முன் எழுச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியுமா? பதினாறு வயதில் பீரங்கிப் படையில் கடைநிலை அதிகாரியாகச் சேர்ந்த ஒருவர் முப்பது வயதில் நாட்டின் தலைவராக எப்படி ஆனார் என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. திறமை மட்டும்தானா?

கல்லணை:

தம்பி, நல்ல கேள்வி. நெய்தல் அவர்களுக்கும் இதிலிருந்தே பதில் சொல்ல வழி இருக்கிறது.

கோர்சிகா தீவை 1768இல் ஜெனோவா பிரான்சுக்கு விட்டுக்கொடுத்தது. 1769 ஆகஸ்ட் 15ஆம் நாள் அங்கே அஜாக்ஸியோ நகரில் நெப்போலியன் பிறந்தார். இரண்டு ஆண்டு முன்பு பிறந்திருந்தால் பிரெஞ்சுக் குடியாகவே பிறந்திருக்க மாட்டார். ஒன்பது வயதில் பிரியென் படைப் பள்ளிக்கு அனுப்பப்பட்டபோது அவருக்குப் பிரெஞ்சு மொழி சரியாக வராது. உச்சரிப்பைக் கேட்டு உடன் படித்தவர்கள் கேலி செய்தார்கள். பழைய ஆட்சி நீடித்திருந்தால் இத்தகைய ஏழைப் பிரபு குடும்பத்துப் பையன் காலமெல்லாம் உழைத்து ஒரு கேப்டனாக ஓய்வு பெற்றிருப்பான். புரட்சி வந்து ஆயிரக்கணக்கான பிரபுகுல அதிகாரிகள் நாட்டைவிட்டு ஓடியதால், படையின் மேல்நிலை இடங்கள் காலியாயின. வேலை தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள்.

அவருக்கு வேலை தெரிந்திருந்தது. 1793இல் தூலோன் துறைமுக நகரம் புரட்சி அரசுக்கு எதிராகத் திரும்பி ஆங்கிலக் கப்பற்படையை உள்ளே விட்டது. மற்றவர்கள் நகரத்தின் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கடலைப் பார்த்தார். துறைமுகத்தின் வாயிலைக் கண்ணெதிரே வைத்திருக்கும் முனையைப் பிடித்து அங்கே பீரங்கிகளை நிறுத்திவிட்டால் கப்பல்கள் தாமே வெளியேறும், கப்பல்கள் போனால் நகரம் தானே விழும் என்றார். அப்படியே நடந்தது. டிசம்பரில் நகரம் வீழ்ந்தது; இருபத்து நான்கு வயதில் அவர் பிரிகேடியர் ஜெனரல் ஆனார்.

ஆனால் திறமை மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். 1799இல் அரசைக் கவிழ்க்கத் திட்டமிட்ட சியேஸ் என்ற அரசியல் தலைவர், தமக்கு ஒரு வாள் தேவை என்று எண்ணி முதலில் மனத்தில் வைத்திருந்தது ஜெனரல் ழூபேரைத்தான். அவர் ஆகஸ்டில் நோவி போரில் இறந்தார். எகிப்தில் தம் படையை விட்டுவிட்டுக் கிளம்பிய நெப்போலியன் அக்டோபரில் வந்து கரையிறங்கினார். அந்தப் பயணத்தில் அவர் தோற்றிருந்தார். கப்பற்படையை 1798 ஆகஸ்டில் நெல்சன் எரித்துவிட்டார். யாஃபாவில் சரணடைந்த கைதிகள் அவருடைய ஆணையால் கொல்லப்பட்டார்கள். பாரிஸில் அவற்றையெல்லாம் விட பிரமிடுகளின் புகழே முன்னால் வந்து நின்றது.

நவம்பர் 10ஆம் நாள் செயின்ட் க்ளூவில் நடந்ததைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஐந்நூற்றுவர் அவைக்குள் அவர் நுழைந்ததும் உறுப்பினர்கள் எழுந்து, 'சட்டத்துக்குப் புறம்பானவன்' என்று கத்தினார்கள். சில ஆண்டுகளுக்கு முன் புரட்சித் தலைவர் ரோபஸ்பியரைக் கொன்ற சொல் அது. எத்தனையோ களங்களில் நிலைகுலையாத மனிதர் அங்கே வாய் குழறினார். அவரைப் படைவீரர்கள் தாங்கி வெளியே கொண்டு வந்தார்கள். காப்பாற்றியவர் தம்பி லூசியன். அந்த அவைக்கு அவரே தலைவர். வெளியே நின்ற வீரர்களிடம், கத்தி ஏந்திய சிலர் அவையை மிரட்டுகிறார்கள் என்று சொல்லி அவர்களை உள்ளே அனுப்பினார். உறுப்பினர்கள் சன்னல் வழியாகக் குதித்து ஓடினார்கள்.

அடுத்த ஆண்டு புதிய அரசமைப்புக்கு மக்கள் ஒப்புதல் தந்ததாக முப்பது லட்சம் வாக்குகள் அறிவிக்கப்பட்டன. உள்துறை அமைச்சராக இருந்த அதே லூசியன் எண்ணிக்கையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கியிருந்தார் என்பது பின்னாளில் ஆவணங்களிலிருந்து தெரியவந்தது. மக்களின் பெயரால் வந்தவர் மக்கள் அவையின் முன் நிற்க முடியாதவராக இருந்தார். தொடக்கத்திலேயே விழுந்த விரிசல் என்று நான் சொல்வது இதைத்தான்.

அகல்விளக்கு:

கல்லணை ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் விரிசல் என்கிறீர்கள். நான் துரோகம் என்றே சொல்வேன், அதற்கு நாளும் சொல்வேன். 1802 மே 20.

1794இல் புரட்சி அரசு தன் குடியேற்றங்கள் அனைத்திலும் அடிமை முறையை ஒழித்தது. கரீபியக் கடலில் பிரான்சின் குடியேற்றமாக இருந்த சான் டொமிங்கில் அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற தூசேன் லூவர்த்தூர் அந்தக் குடியரசின் ஜெனரலாக நின்று ஸ்பானியரையும் ஆங்கிலேயரையும் வெளியேற்றினார். நெப்போலியன் என்ன செய்தார்? தம் தங்கை கணவர் லெக்லெர்க்கின் தலைமையில் பெரும்படையை அங்கே அனுப்பினார். 1802 மே மாதச் சட்டத்தால், அமைதி உடன்படிக்கையில் திரும்பக் கிடைத்த மார்டினிக் போன்ற தீவுகளில் அடிமை முறை நீடிக்கும் என்றார். குவாதலூப்பில் ஆயுத பலத்தால் அதைத் திரும்பக் கொண்டு வந்தார். பேச்சு நடத்த அழைத்த இடத்தில் தூசேன் பிடிக்கப்பட்டு, பிரான்சுக்குக் கொண்டு செல்லப்பட்டு, ஜூரா மலையின் குளிரில் ஜூ கோட்டையில் அடைக்கப்பட்டார். 1803 ஏப்ரல் 7ஆம் நாள் அங்கேயே இறந்தார். குவாதலூப்பில் நடந்ததைக் கேள்விப்பட்ட சான் டொமிங் மக்கள் தங்களுக்கும் அதுதான் காத்திருக்கிறது என்று புரிந்துகொண்டார்கள். மஞ்சள் காய்ச்சலும் அவர்களின் வீரமும் சேர்ந்து அந்தப் படையை அழித்தன; லெக்லெர்க்கும் காய்ச்சலில் மடிந்தார். 1804 ஜனவரி 1ஆம் நாள் சான் டொமிங் ஹெய்தி என்ற தனி நாடாகப் பிறந்தது. நெப்போலியனின் முதல் பெருந்தோல்வி இதுதான். பத்து ஆண்டு கழித்து ரஷ்யாவில் நடந்ததற்கு முன்னோட்டம்போல இருந்தும் ஐரோப்பிய வரலாறுகள் நெடுங்காலம் இதற்கு ஒரு பத்திக்கு மேல் ஒதுக்கவில்லை.

இன்னொரு நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். 1804 மார்ச் 21. அன்று விடியும் முன், வன்சென் கோட்டையின் அகழியில் ஆங்கியன் கோமகன் சுட்டுக் கொல்லப்பட்டார். புரட்சிக்கு முன் பிரான்சை ஆண்ட பூர்போன் அரச குடும்பத்தின் கிளையில் வந்த அந்த இளைஞரை அண்டை நாடான பாடனுக்குள் படை அனுப்பித் தூக்கி வந்து, சில மணி நேர விசாரணையோடு முடித்துவிட்டார்கள். அதே மார்ச் 21ஆம் நாள்தான் உரிமையியல் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் முன் எல்லா ஆண்களும் சமம் என்று அது சொன்னது. 'ஆண்கள்' என்று நான் வேண்டுமென்றே எழுதுகிறேன். 213ஆம் விதி மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவள் என்றது. புரட்சியின் தொடக்க ஆண்டுகளில் பெண்கள் பெற்ற சிறு உரிமைகளும் சுருங்கின. அவரைப் புரட்சியின் பிள்ளை என்று சொல்லும்போது புரட்சியில் யாருடைய பங்கை அவர் காத்தார், யாருடைய பங்கைப் பறித்தார் என்றும் சொல்ல வேண்டும்.

வெண்மணல்:

அகல்விளக்கு அவர்கள் சட்டத் தொகுப்பைக் குறிப்பிட்டதால் புதுச்சேரியிலிருந்து இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரை 1793இல் ஆங்கிலேயர் பிடித்தனர். 1802ஆம் ஆண்டு அமியேன் உடன்படிக்கைப்படி அதைத் திருப்பித் தர வேண்டும். இலங்கையின் கரையோரப் பகுதிகள் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கு முறைப்படி உரிமையானதும் இதே உடன்படிக்கையால்தான். புதுச்சேரியைப் பெற்றுக்கொள்ள நெப்போலியன் அனுப்பிய ஜெனரல் தெக்கான் 1803 ஜூலையில் கப்பல்களோடு எங்கள் கடற்கரைக்கு எதிரே வந்து நின்றார். ஆங்கிலேயர் ஒப்படைக்காமல் இழுத்தடித்தார்கள். ஐரோப்பாவில் மீண்டும் போர் மூண்டது. அவர் மொரீசியஸ் தீவுக்கு விலகிச் சென்றார். நெப்போலியனின் ஆட்சி நடந்த பதினைந்து ஆண்டுகளில் அவருடைய ஆளுகை இங்கே நிலைகொள்ளவே இல்லை. அவர் செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்த 1816இல்தான் ஊர் பிரான்சுக்குத் திரும்பியது.

ஆனால் அவர் வராத ஊருக்கு அவருடைய சட்டம் வந்தது. 1819இல் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் இங்கே நடைமுறைக்கு வந்தன; இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் குடும்ப விவகாரங்களில் அவரவர் வழக்கமே தொடரும் என்று விடப்பட்டது. 1881ஆம் ஆண்டு ஆணை, விரும்புவோர் தங்கள் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வரலாம் என்றது. சாதிக் கட்டிலிருந்து விலக நினைத்த பலர் அந்த வழியைத் தேர்ந்தார்கள். குடும்பப் பெயர் ஒன்றையும் புதிதாக வைத்துக்கொண்டார்கள். ரெனோன்சான் என்று இங்கே அவர்களைச் சொல்வோம். அவர்களின் வழிவந்தோரின் திருமணம், வாரிசுரிமை ஆகியவற்றுக்கு இன்றும் அந்தச் சட்டம் பொருந்துகிறது. 213ஆம் விதியைப் பற்றி அகல்விளக்கு அம்மா எழுதியது முழுக்க உண்மை. அதே தொகுப்பின் வழியாக இங்கே சிலருக்கு ஒரு கதவும் திறந்தது என்பதையும் அதன் பக்கத்தில் வைக்கவே இதை எழுதினேன்.

நெய்தல்:

வெண்மணல் எழுதியது எனக்குப் புதிய செய்தி, நன்றி. கல்லணை ஐயாவின் கருத்துக்குத் திரும்புகிறேன்.

வெற்றியைக் கொண்டுதான் அவர் நின்றார் என்பதற்கு வழக்கமாகக் காட்டும் சான்று ஒன்று உண்டு. 1813 ஜூன் 26ஆம் நாள் டிரெஸ்டனில் ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக் அவரைச் சந்தித்து அமைதிக்கு வழி கேட்டபோது, அரியணையில் பிறந்த உங்கள் மன்னர்கள் இருபது முறை தோற்றாலும் தலைநகருக்குத் திரும்பலாம், படையிலிருந்து வந்த என்னால் அது முடியாது என்ற பொருளில் அவர் சொன்னதாக மெட்டர்னிக் எழுதுகிறார். எதிரியின் அமைச்சர், பல ஆண்டுகள் கழித்து, தம் பங்கை உயர்த்திக் காட்டும் நினைவுக் குறிப்பில் எழுதியது அது. அதைச் சான்றாக ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

மேலும், அமைதி வாய்ப்பு அவர் கையில் பலமுறை இருந்தது. 1807 ஜூனில் டில்சிட்டில் ஆற்றின் நடுவே தெப்பத்தில் ரஷ்ய மன்னர் அலெக்சாந்தரோடு கைகுலுக்கியபோது அவர் நின்றிருக்கலாம். ஸ்பெயினில் அண்ணன் ஜோசப்பை அரியணையில் ஏற்ற வேண்டும் என்று 1808இல் யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. 1813 நவம்பரில்கூட ரைன் ஆறும் ஆல்ப்ஸ் மலையும் எல்லையாக இருக்கட்டும் என்று நேச நாடுகள் சொல்லி அனுப்பின. அவர் தெளிவான பதில் தராமல் நாளைக் கடத்தினார். இவையெல்லாம் ஒரு மனிதரின் தவறுகள். பட்டத்தின் மீது பழி போடுவது அவரைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பது போல் ஆகிவிடாதா?

கல்லணை:

நெய்தல் அவர்களே, மெட்டர்னிக்கை நம்ப வேண்டாம் என்பதை ஏற்கிறேன். எனக்கு அதைவிட உறுதியான சான்று இருக்கிறது. அது பாரிஸில், 1812 அக்டோபர் 23ஆம் நாள் விடியற்காலையில் நடந்தது. நான்கு நாள் முன்புதான் நெப்போலியன் மாஸ்கோவைவிட்டுக் கிளம்பியிருந்தார்.

குளோத் பிரான்சுவா தெ மாலே என்ற ஜெனரல், முன்பே சதிக் குற்றத்துக்காகக் காவலில் வைக்கப்பட்டவர். உடல்நலத்தைக் காட்டி ஒரு தனியார் மருத்துவ இல்லத்தில் அடைபட்டிருந்தார். அன்றிரவு அங்கிருந்து தப்பி, ஜெனரலின் சீருடையை அணிந்து, மழையில் ஒரு படை முகாமுக்குப் போனார். காய்ச்சலில் படுத்திருந்த அதிகாரியை எழுப்பி, பேரரசர் அக்டோபர் 7ஆம் நாள் மாஸ்கோவில் இறந்துவிட்டார், செனட் பேரரசை ஒழித்துத் தற்காலிக அரசை அமைத்துவிட்டது என்று தாமே எழுதிய போலித் தீர்மானத்தைப் படித்துக் காட்டினார். அந்த அதிகாரி தம் வீரர்களை அவரிடம் ஒப்படைத்தார். அவர்களைக் கொண்டு சிறையிலிருந்து இரண்டு ஜெனரல்களை விடுவித்தார். அவர்கள் போய்க் காவல்துறை அமைச்சர் சாவரியைப் படுக்கையிலிருந்து எழுப்பிக் கைது செய்தார்கள். பாரிஸை உள்ளடக்கிய சேன் மாவட்டத்தின் ஆட்சித் தலைவர், நகர மன்றத்தில் புதிய அரசு கூடுவதற்கு அறையைத் தயார் செய்யச் சொன்னார். பாரிஸ் படைத் தலைவர் யூலேன் மட்டும் ஆணையைக் காட்டச் சொன்னார். மாலே அவருடைய தாடையில் சுட்டார். ஆங்கியன் கோமகனுக்கு மரண தண்டனை விதித்த குழுவின் தலைவராக இருந்தவர் இந்த யூலேன்தான். பிறகு படைத் தலைமையகத்தில் இருந்த இரண்டு அதிகாரிகள் மாலேயை அடையாளம் கண்டு மடக்கியதால், காலை முடிவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. விசாரணையில் உன் கூட்டாளிகள் யார் என்று நீதிக்குழுத் தலைவர் கேட்டதற்கு, நான் வென்றிருந்தால் பிரான்ஸ் முழுவதும், நீங்களும்கூட என்று மாலே சொன்னார். ஆறு நாளில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதில் என்னை உறைய வைப்பது மாலேயின் துணிச்சல் அல்ல. 1811 மார்ச் 20ஆம் நாள் நெப்போலியனுக்கு மகன் பிறந்திருந்தான். ரோம் அரசன் என்ற பட்டமும் அவனுக்கு உண்டு. அந்த ஒரு வாரிசுக்காக ஜோசஃபினை விலக்கி, ஆஸ்திரியப் பேரரசரின் மகளை மணந்திருந்தார். மரபுவழி ஆட்சியில் மன்னர் இறந்தார் என்ற செய்தி வந்த அதே மூச்சில், மன்னர் வாழ்க என்று மகனின் பெயரைச் சொல்வார்கள். அன்று காலை பாரிஸில் அமைச்சர்களிலிருந்து முகாம் அதிகாரி வரை ஒருவருக்கும் அந்தக் குழந்தையின் நினைவு வரவில்லை. நவம்பர் தொடக்கத்தில், பின்வாங்கும் வழியில், கடும்பனிக்கு நடுவே இந்தச் செய்தி நெப்போலியனுக்கு எட்டியது. அவரை வருத்தியதும் இதுதான்.

டிசம்பர் 5ஆம் நாள் அவர் படையை விட்டுவிட்டுச் சறுக்குவண்டியில் பாரிஸுக்கு விரைந்தார். அதற்கு முன் எழுதி அனுப்பிய இருபத்தொன்பதாம் அறிக்கை படையின் அழிவை ஒப்புக்கொண்டுவிட்டு, மாமன்னரின் உடல்நலம் இதைவிடச் சிறப்பாக இருந்ததில்லை என்று முடிகிறது. மகன்களைப் பறிகொடுத்த தாய்மார்களுக்கு எதிரில் இப்படி எழுதலாமா என்று இளம் வயதில் கோபப்பட்டிருக்கிறேன். அந்தக் கோபம் இன்னும் உண்டு. ஆனால் மாலே நிகழ்ச்சிக்குப் பிறகு அந்த வரியைப் படித்தால் அதன் தேவை விளங்கும். அவர் உயிரோடு இருக்கிறார் என்ற ஒரு செய்தியைத் தவிர அந்த ஆட்சிக்கு வேறு தூண் இல்லை.

பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்க நான் நினைக்கவில்லை. அந்தத் தூணை அப்படிக் கட்டியவர் அவரேதான்.

நெய்தல்:

ஐயா, இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. லாடத்தைப் பற்றி நான் எழுதியதும் நிற்கிறது, நீங்கள் எழுதியதும் நிற்கிறது. படை ஏன் அழிந்தது என்பது என் கேள்வி. ஒரு படை அழிந்ததும் ஆட்சியே ஏன் அழிந்தது என்பது உங்கள் கேள்வி. 1805லும் 1809லும் வியன்னாவையே பறிகொடுத்த ஆஸ்திரியப் பேரரசர் அரியணையில் தொடர்ந்து இருந்தார் என்பதை இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

ஆனால் ஒன்று இடிக்கிறது. வெற்றி மட்டும்தான் தூண் என்றால், தோற்று, எல்பா தீவுக்கு விரட்டப்பட்ட மனிதர் 1815 மார்ச்சில் ஏறத்தாழ ஆயிரம் வீரர்களோடு வந்து இறங்கியபோது பிரான்ஸ் ஏன் அவர் பின்னால் வந்தது? மார்ச் 7ஆம் நாள் லாஃப்ரே ஊருக்கு அருகே ஐந்தாம் படைப்பிரிவின் துப்பாக்கிகளுக்கு எதிரே தனியாக நடந்து போய், மேலங்கியைத் திறந்து மார்பைக் காட்டினார். ஒருவரும் சுடவில்லை. அவரை இரும்புக் கூண்டில் கொண்டு வருவதாக மன்னரிடம் சொன்ன மார்ஷல் நேயும் அவர் பக்கம் போனார். இருபதே நாளில் பாரிஸ்.

அகல்விளக்கு:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் விடை கல்லணை ஐயாவின் முதல் பதிவிலேயே இருக்கிறது. அந்த நாலு காணி நிலம்.

1814இல் பூர்போன்கள் திரும்பியபோது அவர்களுடன் நாடு திரும்பிய பிரபுக்கள் பழைய நிலத்தைக் கேட்கத் தொடங்கினார்கள். சட்டம் அதற்கு இடம் தரவில்லை என்றாலும் ஊர்ப்புறத்தில் பேச்சு பரவியது. ஆயிரக்கணக்கான படை அதிகாரிகள் அரைச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மக்கள் 1815இல் வரவேற்றது ஆஸ்டர்லிட்ஸ் வெற்றியாளரை மட்டும் அல்ல, நிலத்தின் காவலரையும்தான். ஒரு வருடம் முன்பு அதே மக்கள் அவரை விட்டுவிட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். மீசை முளைக்காத பிள்ளைகளை 1813இல் படைக்கு இழுத்ததையும், உப்புக்கும் மதுவுக்கும் போட்ட வரியையும் அவர்கள் மறக்கவில்லை. 1815 வாக்கெடுப்பைப் பாருங்கள்: 1804இல் முப்பத்தைந்து லட்சம் பேர் ஆம் என்றதாக அறிவித்த நாட்டில் இப்போது ஏறத்தாழ பதினைந்து லட்சம்தான். மேற்குப் பகுதியில் வாந்தே மீண்டும் கிளர்ந்தது. வீரர்கள் சுடாமல் நின்றது உண்மை. ஊர்கள் பெரும்பாலும் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தன என்பதும் உண்மை.

அந்த மார்ச் 29ஆம் நாள் அவர் அடிமை வாணிபத்தைத் தடை செய்து ஆணையிட்டார். தூசேன் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இளவேனில்:

வாட்டர்லூ பற்றி யாரும் எழுதவில்லையே!

கல்லணை:

தம்பி, 1815 ஜூன் 18ஆம் நாள் அந்தக் களத்தில் வென்றிருந்தாலும், ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் அனுப்பிய படைகள் ரைன் நோக்கி வந்துகொண்டிருந்தன. நான்கு நாள் கழித்து அவர் பதவி துறந்ததற்கு வெலிங்டனும் பிரஷ்யத் தளபதி புளூகரும் காரணம் என்பதோடு, பாரிஸின் மக்கள் அவை அவரைக் கைவிட்டதும் காரணம். 1799இல் எந்த அவையின் முன் அவர் நிற்க முடியவில்லையோ, அத்தகைய அவை.

பட்டத்தைப் பற்றித் தொடங்கியதால் அதிலேயே நிற்கிறேன். செயின்ட் ஹெலினாவில் ஆங்கிலேயர் அவரை ஜெனரல் போனபார்ட் என்று மட்டுமே குறித்தார்கள். லாங்வுட் வீட்டின் ஈரச் சுவர்களுக்குள் உடனிருந்த சில பிரெஞ்சுக்காரர்கள் மாமன்னர் என்றே அழைத்து, அரண்மனை ஒழுங்கைக் கடைசிவரை காத்தார்கள். சீனாவின் கான்டனிலிருந்து ஒருவர் அன்பளிப்பாக அனுப்பிய சதுரங்கக் காய்களில் அவருடைய பெயரின் முதலெழுத்தும் அதன் மேல் கிரீடமும் செதுக்கியிருந்ததற்கே ஆளுநர் ஹட்சன் லோ ஆட்சேபம் தெரிவித்தார்.

1821 மே 5ஆம் நாள் அவர் இறந்தார். கல்லறையில் 'நெப்போலியன்' என்று மட்டும் பொறிக்க வேண்டும் என்று உடனிருந்தவர்கள் கேட்டார்கள். மன்னர்களுக்குத்தான் தனிப்பெயர் போதும். 'போனபார்ட்' என்பதையும் சேர்க்க வேண்டும் என்றார் லோ. இரு தரப்பும் இறங்கி வரவில்லை. பள்ளத்தாக்கில் வில்லோ மரங்களின் அடியில் குழியை மூடி வைத்த கல்லில் ஓர் எழுத்தும் வெட்டப்படவில்லை. 1840இல் தோண்டி எடுத்துப் பாரிஸுக்குக் கொண்டு செல்லும்வரை பத்தொன்பது ஆண்டுகள் அப்படியே கிடந்தது. அந்தக் கல்லின் படம் தேடிக்கொண்டிருக்கிறேன். வரும் வாரம் அதையும் அந்த மாணவியிடம் காட்ட வேண்டும்.